வெளியே போகிற கால்தடம்

சாணம் கரைத்த வாளியோடு விடியலில் பின்கதவைத் திறந்த செல்வி, தோட்டத்துப் படலுக்கு உள்பக்கம், மழை கண்டு பன்னிரண்டு நாளாகிப் பொரிந்து கிடந்த மண்ணில், ஈரம் மாறாத ஒரு சேற்றுக் கால்தடத்தைப் பார்த்தாள். இரண்டு எட்டு. விரல்கள் படலைப் பார்த்திருந்தன, குதிகால்கள் வீட்டைப் பார்த்திருந்தன. யாரோ வெளியே போயிருக்கிறார்கள். ஆனால் அந்த இரண்டு எட்டுக்கு முன்னால் வீட்டுப் பக்கமாக ஒரு தடமும் இல்லை. வெறும் மண்தான், கோழி கிளறிய வெறும் மண். குனிய முடியாத ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் அங்கேயே நின்றாள். தழை மிதித்து அழுகவிட்ட நாற்றங்கால் சேற்றின் வாடை வந்தது. அவர்களுடைய நாற்றங்கால் அரை மைலுக்கு அப்பால் இருந்தது.

"இன்னாங்க, ராத்திரி தோட்டத்துப் பக்கம் போனீங்களா?"

கந்தசாமி வேப்பங்குச்சியைக் கடித்துக்கொண்டே, "போவல. இன்னாத்துக்கு?" என்றான்.

"ஒண்ணுமில்ல."

சாணத் தண்ணீரைத் தடத்தின் மேல் ஊற்றினாள்.

மறுநாள் தடம் வீட்டுக்கு நாலு எட்டு நெருங்கியிருந்தது. அதற்கு மறுநாள் மாட்டுத் தொட்டி வரைக்கும். ஒவ்வொரு நாளும் விரல்கள் வெளியேதான் பார்த்தன. அதைப் பிடித்துக்கொண்டு செல்வி ஒரு சமாதானம் கட்டிக்கொண்டாள். கல்யாணமாகி ஐந்து வருஷம் வயிறு திறக்காமல் இருந்தபோது, இந்த வீட்டில் ஏதோ உட்கார்ந்துகொண்டு நகரமாட்டேன் என்கிறது என்று தெருவில் எல்லோரும் சொன்னார்கள். அதுதான் இப்போது போகிறது. போகட்டுமே. போகிறதை யார் தடுக்கப் போகிறார்கள்?

நாலாம் நாள் தடம் பின்வாசலின் சிமெண்டுப் படியில் இருந்தது. சிமெண்டில் சேறு அச்சு மாதிரி விழுந்திருந்தது. இடது காலில் சுண்டுவிரல் இல்லை.

செல்வி அதைப் பார்க்காத மாதிரி பார்த்தாள். பிறகு ஒரு குடம் தண்ணீர் முழுவதையும் படியில் கொட்டினாள்.

அரிவாள் பட்டுச் சுண்டுவிரல் போன கால் இந்த ஊரில் ஒன்றுதான். அந்தக் கால் படலைத் தாண்டி மாட்டுத் தொட்டி வரை வரும். படி ஏறியதில்லை. ஏற விட்டதில்லை. அதை மண்ணில் புதைத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

*

பெயர் கொடுத்தது செல்விதான். புருஷன் கந்தசாமி இல்லை, தெருவுக்காக மனு எழுதிய ராசுவும் இல்லை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகிற டவுன் பஸ் நின்று போகும் ஊர் அது. மேலத்தெருவில் பதினெட்டு வீடு. தெருவுக்குப் பின்னால் சும்மா கிடந்த புறம்போக்கில், ஏரி உள்வாயில், தண்ணீர் ஏறும் தரையில் குடிசை போட்டிருந்த நாற்பது குடும்பங்களுக்கு அரசாங்கம் காலனி வீடு கட்டித்தரப் போகிறது என்று சொன்னபோது யாரும் நம்பவில்லை. முதல் வரிசைச் சுவர் ஜன்னல் உயரத்துக்கு வந்த பிறகுதான் தெரு விழித்துக்கொண்டது. நம் தோட்டத்துக்கு நேரே அவர்கள் வாசலா, நம் கிணற்றடி அவர்கள் கண்ணில் படுமா என்று பெண்கள்தான் முதலில் பேசினார்கள். ஆண்கள் அதை நிலத்தடி நீர், பள்ளிக்கூடத்துக்கு வேண்டிய இடம் என்று மாற்றி மனுவில் எழுதினார்கள். எந்த மனுவும் எடுபடவில்லை.

யோசனை ராசுவுடையது. இடுகாடு என்று சொன்னால் கோர்ட் தடை கொடுக்கும். இடுகாடு இல்லையே என்றார்கள். இல்லாவிட்டால் உண்டாக்குவோம் என்றான் ராசு.

அந்தப் புறம்போக்கிலேயே, எழும்பிய சுவர்களுக்குப் பக்கத்தில், இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் உண்டாக்கினார்கள். கரும்புக் கொல்லையிலிருந்து வண்டியில் மண் அடித்து, வீட்டுக்கு ஒரு மேடு என்று பதினெட்டு மேடு. பழசாகத் தெரிய வேண்டுமென்று வரப்புப் புல்லைப் பெயர்த்து மேலே பதித்தார்கள். வீட்டுக்கு ஒரு செத்தவர் பெயர் வேண்டும். அதை ராசு கல்லில் நீலப் பெயிண்டால் எழுதுவான், மனுவிலும் சேர்ப்பான்.

கந்தசாமி பாகம் பிரிந்து வந்தவன். தாத்தா பாட்டி பெயர்களை அண்ணன் வீடு எடுத்துக்கொண்டது. "நம்ம வூட்ல யாருமே சாகலையேப்பா" என்று அவன் சொன்னபோது குரலில் ஒரு வெட்கம் இருந்தது.

"எந்தப் பேரா இருந்தா இன்னாண்ணே. அண்ணி, நீங்க ஒண்ணு சொல்லுங்க" என்றான் ராசு.

செல்வி ஜன்னல் வழியாக வெளியே பார்த்தாள். மாட்டுத் தொட்டியருகில் பச்சையம்மாள் உட்கார்ந்து உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். அவர்கள் வயலில் நடவுக்கு வருகிறவள். செல்வியைவிட இரண்டு மாதம் முந்திய வயிறு. அன்று காலைதான் முறத்தை இறக்கி வைத்துவிட்டு, வாயெல்லாம் சிரிப்பாகச் சொல்லியிருந்தாள்.

"சின்னம்மா, எனக்கு ஏழாம் நம்பர் வூடு வந்துகீது. உங்க தோட்டத்துக்கு நேரா. என்னுதும் உன்னுதும் ஒண்ணா வெளையாடும் பாரேன்."

உங்க என்று தொடங்கி உன்னுது என்று முடித்தாள். சந்தோஷத்தில் வாய் தவறியிருக்கும். ஐந்து வருஷம் கோயில் கோயிலாகச் சுற்றி வாங்கிய பிள்ளையும், இவளுக்கு மூன்றாவதாகச் சும்மா வந்த பிள்ளையும் ஒன்றா? காலையிலிருந்து செல்வியின் நெஞ்சில் அது எரிந்துகொண்டிருந்தது.

"பச்சையம்மாள்னு போடு" என்றாள்.

ராசு ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டுச் சத்தம் வராமல் சிரித்தான். "சரியான ஆளு அண்ணி நீங்க. மொற இன்னா போட?"

"இவருக்கு அத்தைன்னு போட்டுக்க."

"எந்த மாசம் போய்ச் சேந்தாங்க?"

"புரட்டாசி."

மூன்று பேரும் சிரித்தார்கள். செல்வி மோர் கலக்கிக் கொடுத்தாள். மிச்சத்தைப் பச்சையம்மாளுக்கும் ஊற்றினாள், உயரத் தூக்கி, கையில் படாமல்.

அதிகாரி பார்வையிட வரும் முன்னால், கள்ளக்குறிச்சியிலிருந்து போட்டோக்காரனை வரவழைத்துப் பால் தெளிக்கும் சடங்கும் நடத்தினார்கள். பதினெட்டுப் பெண்கள் தலையை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, செம்பில் பாலும் பொரியுமாக ஆளுக்கொரு மேட்டின் முன் உட்கார்ந்தார்கள். சாவுச் சடங்கு செய்கிற சடையனைக் கூட்டி வந்திருந்தார்கள். அவர் வேலையில் விளையாட்டுத் தெரியாதவர். ஒவ்வொருத்தியையும் பெயர் சொல்லி மூன்று தரம் கூப்பிடச் சொன்னார். செல்வியும் கூப்பிட்டாள். அவர் சொல்லச் சொன்னதையும் சொன்னாள்.

"பச்சையம்மா, வா. இது உன் வூடு. எங்க வூட்டோட இரு."

பால் மண்ணில் இறங்குவதற்கு நேரமானது. புல் வேர்களுக்கிடையில் அது நின்று, குமிழி விட்டு, பிறகு யாரோ உறிஞ்சியது போலச் சட்டென்று உள்ளே போனது.

"பதினாறாம் நாளு கருமாதி பண்ணி வழியனுப்பிடணும் தாயி" என்றார் சடையன். "வூட்டுக்குக் கூப்ட்டுட்டு அப்படியே வுட்டுறக் கூடாது."

"யோவ், உள்ள ஆளே இல்ல. யாரைய்யா வழியனுப்பப் போற?" என்றான் ராசு. போட்டோக்காரனும் சேர்ந்து சிரித்தான்.

பன்னிரண்டாம் நாள் தடை உத்தரவு வந்துவிட்டது. வேலை முடிந்ததால் பதினாறாம் நாளை யாரும் நினைக்கவில்லை. நாற்பது வீடும் கூரையில்லாமல் நின்றன.

*

அந்த எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி பிறந்த அன்றே சாலை மறியல் தொடங்கியது. தங்கள் சாதிக்குப் படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் பஸ் ஓடாது என்றார்கள். கந்தசாமியும் தெருவின் ஆண்களும் சாலையோரப் புளியமரத்தை அறுத்துக் குறுக்கே சாய்த்தார்கள். மர வாடை அடிக்கும் சட்டையோடு வந்து சோறு தின்னும்போது அவன் செல்வியின் வயிற்றைப் பார்த்து, "இவனுக்குத்தான் இதெல்லாம்" என்பான். பொய்யில்லை. மேல்படிப்புக்கு இடம் கிடைக்காமல் ஏருக்குப் போனவன் அவன். தன் பிள்ளைக்கு ஒரு நாற்காலி வேண்டும் என்று அவன் மனசாரத்தான் விரும்பினான். அடுத்தவன் பிள்ளைக்கு ஒரு கூரை வேண்டும் என்பதுதான் அவனுக்கு ஏறவில்லை.

மூன்றாம் நாள் வெயில் ஏறுகிற நேரத்தில், பச்சையம்மாளின் புருஷன் வேடியப்பன் பின்படலுக்கு வெளியே வந்து நின்றான்.

"சின்னம்மா, நேத்துலேந்து வலி. புள்ள குறுக்கால கீதுன்றாங்க. வண்டி கட்டிக்கினு வந்தேன், மரத்தாண்ட வுடமாட்டேன்றாங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னா அண்ணன் நவுத்துவாரு."

"ஆம்பளைங்க விஷயம். நான் இன்னா சொல்றது?"

"நீங்களும் வயித்துல வெச்சிக்கினு கீறீங்க சின்னம்மா."

அந்த வார்த்தைதான் அவளைக் கதவைச் சாத்த வைத்தது. திரும்பவும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுகிறார்கள். தாழ்ப்பாள் போட்டபின் அவள் கதவுக்குப் பின்னாலேயே நின்றாள். அவன் போகும் சத்தம் வெகுநேரம் வரவில்லை.

பச்சையம்மாளைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு வயல் வழியாகச் சுற்றிப் போனார்களாம். கந்தசாமியின் நாற்றங்கால் வரப்பில் இறக்கி வைத்தார்களாம். அங்கேயே முடிந்துவிட்டது. பிள்ளை வெளியே வரவில்லை. இருவரையும் ஏரிக்கு அப்பால் தங்கள் இடத்தில் அவர்கள் புதைத்தார்கள். தெருவின் மேடுகளில் நீலப் பெயிண்டு வெயிலில் பளிச்சென்று நின்றது. பச்சையம்மாள். மறைவு, புரட்டாசி.

*

தடம் தோன்றிய ஐந்தாம் நாள், அது சமையற்கட்டுக்குள் இருந்தது.

அங்கே சாணம் மெழுகிய மண்தரை. தடங்களின் முன்னால், நெருக்கி நெருக்கி, விரல் நுழையும் சின்னக் குழிகள் வரிசையாக இருந்தன. கோழி புகுந்து கொத்தியிருக்கிறது என்று சொல்லிக்கொண்டாள். கோழியைப் பஞ்சாரத்தில் தானே கவிழ்த்து மூடியதை நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். விரல்கள் அப்போதும் பின்வாசலைத்தான் பார்த்தன. போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

அன்று சோறு போடும்போது சொன்னாள். "சடையனைக் கூப்ட்டு அந்தக் கருமாதியைப் பண்ணிடலாங்க."

கந்தசாமியின் கை தட்டில் நின்றது. "எந்தக் கருமாதி?"

"அந்த மேட்டுக்கு. நாமதான் கூப்ட்டோம். நாமதான் அனுப்பணும்."

"உனக்கு இன்னா பைத்தியமா? கேஸு நடந்துகினு கீது. இப்பப் போய் அவ பேர்ல கருமாதி பண்ணா, உசுரோட இருந்தவ பேரை எழுதினோம்னு நாமளே ஒத்துக்கினா மாரி ஆவாதா?" குரலைத் தாழ்த்தினான். "அதுவுமில்லாம, அவளுக்கு இந்த வூட்லயா? தெரு காறித் துப்பும்."

"அத்தைன்னு எழுதியிருக்கமே."

அவன் எழுந்து கை கழுவப் போனான். போகும்போது சமையற்கட்டுத் தரையைப் பார்த்தான். காலை அகட்டி வைத்து, எதையோ தாண்டினான். பார்த்துவிட்டான் என்று செல்விக்குத் தெரிந்தது. பார்த்ததாக அவன் சொல்லவில்லை.

ஆறாம் நாள் தடம் நடுக்கூடத்தைத் தாண்டி உள் அறையின் நிலைப்படியில். அதற்கு மேல் தடமில்லை. உள் அறையும், அதில் செல்வி படுக்கும் பாயும்தான் மிச்சம். அவள் அந்த விரல்களையே பார்த்தாள். வெளியே. வெளியேதான்.

*

அன்று அவர்கள் வயலில் நடவு. ஏரி உள்வாய்ப் பெண்கள் ஒருத்தியும் மேலத்தெரு வேலைக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டதால், மணலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து கந்தசாமி ஆள் பிடித்து வந்திருந்தான். அவன் கேஸ் விஷயமாகக் கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டான். சோற்றுக் கூடையோடு செல்விதான் வரப்புக்குப் போனாள்.

பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்திருந்தார்கள். வானம் மூடிக்கொண்டு வந்தது. தெரியாத ஊர்ப் பெண்கள், தெரிந்த முதுகுகள். போன வருஷம் இந்த வரப்பில்தான் நின்று பச்சையம்மாளுக்கு நாற்று முடிகளைக் கட்டுக் கட்டாகப் போட்டாள். ஒரு முடி தீர்ந்ததும் அவள் நிமிரமாட்டாள், திரும்பமாட்டாள். குனிந்தபடியே இடது கையைப் பின்னால் நீட்டுவாள். "முடி குடுங்க சின்னம்மா." செல்வி உயரத்திலிருந்து போடுவாள். கையில் படாமல்.

ஒரு கிழவி வரப்பில் நின்ற செல்வியைப் பார்க்காமலேயே வந்து இடித்தாள்.

"தள்ளி நில்லும்மா, எங்களுக்கு இன்னா முதுவுலயா கண்ணு கீது?"

பெண்கள் சிரித்தார்கள். செல்வியும் சிரிக்க வாயைத் திறந்தாள்.

திறந்தபடியே நின்றாள்.

கிழவியின் விரல்கள் வயலைப் பார்த்திருந்தன. குதிகால்கள் செல்வியைப் பார்த்திருந்தன. நட்டுக்கொண்டே, ஒவ்வோர் எட்டாக, பின்னுக்கு வந்திருக்கிறாள். முன்னால் சேற்றில் விரல் குத்திய சின்னக் குழிகள், ஒவ்வொன்றிலும் ஒரு நாற்று. எல்லாப் பெண்களும் அப்படித்தான். பன்னிரண்டு முதுகுகளும் அவளை நோக்கி வந்துகொண்டிருந்தன.

படல். தொட்டி. படி. சமையற்கட்டு. நிலைப்படி.

வெளியே போகவில்லை.

உள்ளே வந்துகொண்டிருக்கிறாள்.

*

வேறெங்கே போவது என்று செல்விக்குத் தெரியவில்லை. அண்ணன் வீட்டில் போய் என்னவென்று சொல்வது? யார் பெயரைச் சொல்வது? சொன்னால் அந்தப் பெயரைக் கொடுத்தது யார் என்பதையும் சொல்ல வேண்டும். மூச்சிரைக்க வீட்டுக்கு வந்து முன்கதவையும் பின்கதவையும் தாழிட்டாள். உள் அறையில், நெல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், சுவரோடு சுவராக முதுகை ஒட்டிக்கொண்டு நின்றாள். மூன்று மணிதான் இருக்கும். மழை மேகத்தில் வீடு முழுக்கப் பாசி படிந்த தண்ணீரின் நிறம். வயிற்றைக் கைகளால் மூடிக்கொண்டாள். உள்ளே பிள்ளை புரண்டது. இது என்னுடையது என்று நினைத்தாள். ஐந்து வருஷம். இது என்னுடையது.

முதலில் வாடை. அழுகிய தழை, கலங்கிய சேறு, அடியில் வேறொன்று, திறக்காத அறையில் கெட்டுப்போன பாலின் புளிப்பு.

பிறகு சத்தம். சேற்றிலிருந்து காலைப் பிடுங்கும் சத்தம்.

சளக்.

காய்ந்த தரையில்.

சளக்.

கூடத்தில்.

"நான் சொல்லியிருந்தாலும் அவங்க நவுத்தியிருக்க மாட்டாங்க" என்றாள் செல்வி வாய்விட்டு. "பச்சையம்மா. நான் சொல்லியிருந்தாலும்."

சொல்லவில்லை. அது அந்த வீட்டுக்குத் தெரியும்.

நிலைப்படியைத் தாண்டி முதலில் ஒரு குதிகால் வந்தது. வெளுத்து, ஊறி, வெடிப்புகளில் சேறு அடைந்த குதிகால். பிறகு சுண்டுவிரல் இல்லாத இடது கால். பிறகு முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிய சேலை. பிறகு வளைந்த முதுகு. முகம் அந்தப் பக்கம். வயிறு இருந்த இடத்தில் சேலை காலியாகத் தொங்கி, ஒவ்வோர் எட்டுக்கும் ஆடியது. வலது கை தாழ்ந்தது. மண்தரை சேறாக விட்டுக் கொடுத்தது. ஒரு பச்சை நாற்று நின்றது. கை நகர்ந்தது. இன்னொன்று.

அவசரமில்லை. ஒரு நாளும் அவசரப்பட்டதில்லை. கோணல் விழாத நடவு.

நாலு எட்டு.

மூன்று.

செல்வி சுவருக்குள் போகப் பார்த்தாள். சுவர் சுவராகவே இருந்தது.

இரண்டு.

கூடம் முழுக்கப் பச்சை. காற்றில்லாத வீட்டில் நாற்றுகள் தலையசைத்தன.

குதிகால் செல்வியின் கால்விரல்களில் வந்து முட்டியது. ஈரம். பனிக்கட்டியின் குளிர். கை நின்றது. நாற்று முடி தீர்ந்துவிட்டது.

அவள் நிமிரவில்லை. திரும்பவில்லை. குனிந்தபடியே இடது கையைப் பின்னால் நீட்டினாள். சேறு சொட்டும் உள்ளங்கை விரிந்து, காற்றில் தேடி, செல்வியின் வயிற்றின் மேல் மெல்லப் பதிந்தது.

"குடுங்க சின்னம்மா."